சீமைப் படிப்பும் சீமை நீதியும்

பேரம் பேசிப் பணத்தையும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்ட பிறகு, "நிபந்தனை மாறிவிட்டது, இஷ்டமிருந்தால் இரு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு" என்று ஒரு கடைக்காரன் சொன்னால் அவனை நாம் என்னவென்று சொல்லுவோம்? மோசக்காரன் என்போம். அதையே ஒரு சர்க்கார் செய்தால் மாத்திரம் அதற்கு விசா சட்டத் திருத்தம் என்று கௌரவமான பெயர் வந்துவிடுகின்றது.

பிரிட்டிஷ் சர்க்கார் வெளிநாட்டு மாணாக்கர்களை நடத்தியிருக்கும் யோக்கியதையைப் பாருங்கள். இங்கிலாந்தில் உள்நாட்டுப் பிள்ளைகளின் பட்டப்படிப்புச் சம்பளத்திற்குச் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வரம்பு கிடையாது. படித்து முடித்தபின் 2 வருஷம் அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்று நம்பிப் போனவர்களுக்கு 2012 ஏப்ரலில் அந்த வழியை அடைத்தார்கள். பாதிப் படிப்பில் இருந்தவர்களுக்கும் அதே கதிதான். 2021 ஜூலையில் மறுபடியும் திறந்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, டாக்டர் பட்டக்காரர் நீங்கலாக, 18 மாதந்தான் என்று மறுபடியும் குறைத்திருக்கிறார்கள்.

2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் சர்வகலாசாலை வெளிநாட்டாரைச் சேர்க்கும் லைசென்சை ரத்து செய்தார்கள். குற்றச்சாட்டு நிர்வாகத்தின் மேல். இடியோ மாணாக்கர் தலையில். 60 நாளில் வேறு இடம் தேடு, இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்றார்கள். கோர்ட்டு தலையிட்ட பின்பே, இருந்த மாணாக்கர்கள் அந்த வருஷத்தைப் படித்து முடிக்க வழி பிறந்தது.

இவற்றையெல்லாம் தூக்கியடிக்கும் அக்கிரமம் 2014இல் நடந்தது. விசாவிற்காக எழுதும் டோயிக் என்ற ஆங்கிலப் பரீட்சையில் ஆள்மாறாட்டம் நடப்பதை பி.பி.சி. படம் பிடித்துக் காட்டிற்று. உடனே சர்க்கார், பரீட்சை நடத்திய ஈ.டி.எஸ். என்ற அமெரிக்க ஸ்தாபனத்தையே கணக்குக் கொடுக்கச் சொன்னது. அந்த ஸ்தாபனம் குரலை ஒப்பிடும் இயந்திரத்தையும், கேட்டுச் சொல்ல ஆட்களையும் வைத்துக்கொண்டு, 2011 முதல் 2014 வரை நடந்த 58,458 பரீட்சைகளில் 33,663 செல்லாதவை, 22,476 சந்தேகத்திற்குரியவை என்று தீர்ப்புக் கொடுத்தது. அதாவது, 100க்கு 4 பரீட்சைகூட யோக்கியமாக நடக்கவில்லையாம்! இதைப் புத்தியுள்ள எவனாவது ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புவானா? சர்க்கார் நம்பிற்று. ஆயிரக்கணக்கான விசாக்களை ரத்து செய்தது. சுமார் 2,500 பேரைப் பலவந்தமாக வெளியேற்றிற்று. 7,000க்கு மேற்பட்டவர்கள் தாங்களாகவே போய்விட்டார்கள்.

"குரலைக் காட்டுங்கள், அது என்னுடையதா என்று பார்க்கிறேன்" என்று கேட்டவனுக்குப் பதில் என்ன? பெரும்பாலோருக்கு, "நாட்டை விட்டுப் போ, அங்கிருந்து அப்பீல் செய்துகொள்" என்பதுதான்! வாயைக் கட்டிவிட்டு வாக்குமூலம் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த வழி நியாயமான பரிகாரமல்ல என்று அப்பீல் கோர்ட்டு சொல்ல 2017 டிசம்பர் வரை ஆயிற்று. அதற்குள் படிப்பும் போயிற்று, பணமும் போயிற்று, ஊரில் 'மோசடிக்காரன்' என்ற பட்டந்தான் மிச்சம்.

"மோசடி நடந்தது நிஜந்தானே?" என்று சிலர் கேட்கலாம். நிஜந்தான். மோசடி செய்தவனைத் தண்டிக்க வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் செய்தவன் இன்னானென்று ருஜுப்பிக்க வேண்டாமா? 2019இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கொடுத்த கணக்குப்படி 12,500 அப்பீல்கள் விசாரிக்கப்பட்டு, சுமார் 3,600 பேர் ஜெயித்தார்கள். குற்றவாளிகளை விரட்டக் காட்டிய மும்முரத்தை, நிரபராதிகளைக் காப்பாற்றுவதில் சர்க்கார் காட்டவில்லை என்றும் அந்த அலுவலகமே சொல்லிற்று.

நம் கிராமத்தில் குறி சொல்லுகிறவன் "இன்னான்தான் திருடன்" என்றவுடன் அவனைக் கட்டிவைத்து அடித்தால் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்கிறோம். இயந்திரம் சொல்லிற்று என்பதற்காக விசாரணையின்றி ஒருவனைக் கப்பலேற்றுவது மாத்திரம் நாகரிகமாகிவிடுமா? கேள்வி கேட்கக்கூடாது என்று வந்துவிட்டால், சாமி சொன்னாலென்ன, இயந்திரம் சொன்னாலென்ன, இரண்டும் மூடநம்பிக்கைதான்.

ஆகவே நாம் கேட்பது தர்மமல்ல, நாணயம். சேர்ந்த நாளில் இருந்த நிபந்தனை படிப்பு முடியும் வரை நிற்கட்டும். கல்லூரி தப்பு செய்தால் கல்லூரியைத் தண்டிக்கட்டும். மாணாக்கன் தப்பு செய்தான் என்றால் அத்தாட்சியை அவன் கையில் கொடுத்து, அவன் பதிலைக் கேட்ட பிறகு தண்டிக்கட்டும். இவ்வளவுகூடச் செய்ய மனமில்லாத சர்க்காருக்கு, அன்னியப் பிள்ளைகளிடம் சம்பளம் வாங்க என்ன யோக்கியதை இருக்கிறது?