அப்டேட் என்னும் சர்வரோக நிவாரணி

கணினியில் எந்த நோய் கண்டாலும், அது மென்பொருளை நிறுவுகையிற் கண்டதாயினும் சரி, ஓட்டுகையிற் கண்டதாயினும் சரி, இயங்குதளம் யாது, இயந்திரத்தின் வயது யாது என்று ஒரு வார்த்தை விசாரியாமல், "அப்டேட் பண்ணுங்கோ, எல்லாம் சரிவரும்" என்று ஒரே குளிகையை எல்லார் வாயிலும் திணிக்கின்ற வைத்தியர்கள் நம்மவருள் மலிந்துவிட்டார்கள். பட்டினத்தோடு நின்றிருந்தால் நானும் வாளாவிருந்திருப்பேன். சென்ற மாதம் அவர்களுள் ஒருவர் குறிகட்டுவான் துறையிற் படகேறி, மாணவருக்குக் கருத்தரங்கு நடத்தும் பொருட்டு நெடுந்தீவுக்கும் எழுந்தருளிவிட்டார்.

அங்கே உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் பையன் ஒருவன், கனடாவிலுள்ள தாய்மாமன் தான் பாவித்து முடித்து அனுப்பிவைத்த லேப்டொப் ஒன்றில், கரைக்கு வரும் மீன்களைப் படமெடுத்துச் சேர்த்து, இது பாரை, இது ஒட்டி, இது ஓரா, இது விளைமீன் என்று இயந்திரத்துக்குப் பிரித்தறியக் கற்பித்துக்கொண்டிருந்தான். அதற்கு வேண்டிய டென்சர்ஃப்ளோ என்னும் லைப்ரரியின் 2.10 ஆம் பதிப்பும், அதனோடு இணங்கும் பைத்தான் நிரல்மொழி 3.9 உம், என்விடியா வரைகலை அட்டைக்கு வேண்டிய கியூடா 11.2 உம் அந்த விண்டோஸ் இயந்திரத்தில் ஒன்றோடொன்று சண்டையின்றிக் குடியிருந்தன. வந்த பெரியவர் திரையை எட்டிப் பார்த்தார். 2.10 என்றிருந்ததை "இரண்டு தசம் ஒன்று" என்று தாமே சுருக்கி வாசித்து, பதிப்பெண் தசமக் கணக்கன்று, 2.9 க்குப் பின்னே வருவதே 2.10 என்னும் அரிச்சுவடிப் பாடமும் தமக்கு எட்டவில்லை என்பதைச் சபையறிய நிரூபித்து, "தம்பி, என்ன இவ்வளவு பழைய சாமான் வைச்சிருக்கிறீர்? புதுசைப் போடும், பறக்கும்" என்றார். "சேர், இது வேலை செய்யுதுதானே?" என்று பையன் கேட்ட கேள்வி காற்றோடு போயிற்று.

பைத்தான் 3.12 வந்தது, டென்சர்ஃப்ளோவின் ஆகப் புதிய பதிப்பும் வந்தது, வரைகலை அட்டை கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. தேநீர் ஆறுமுன் முடிந்த பயிற்சி, மையச் செயலி ஒன்றையே நம்பி மூச்சுவாங்கிக்கொண்டு பொழுது சாயும்வரை நடந்தது. வைத்தியர் அதற்குள் மாலைப் படகிலே திரும்பிவிட்டார்.

இது விபத்தன்று. விண்டோஸிலே நேரடியாக வரைகலை அட்டையைப் பயன்படுத்தக்கூடிய கடைசிப் பதிப்பு 2.10 தான் என்றும், 2.11 முதல் அவ்வசதி வேண்டுவோர் விண்டோஸுக்குள்ளே லினக்ஸை அமர்த்தி அதன் வழியாகவே பெறவேண்டும் என்றும் அந்த லைப்ரரியை ஆக்கியவர்களே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வந்த 2.10 க்குக் கண் தெரிந்தது. அதன் பின் பிறந்த தம்பிமாருக்கெல்லாம் விண்டோஸிலே கண் தெரியாது. எண் ஏறிற்று, பார்வை இறங்கிற்று. புதியது யாவும் பழையதன் சக்திகள் அனைத்தையும் அடக்கி மேலும் சில சக்திகளைச் சேர்த்துக்கொண்டு அவதரிக்கிறது என்னும் சித்தாந்தத்தை உடையவர்கள், இந்த 2.10 என்னும் ஒரேயொரு எண்ணுக்கு விடை சொல்லட்டும்.

இன்னும் கேளுங்கள். ஏமாந்த பையன் பழைய பதிப்புக்கே திரும்ப எண்ணி, புதிய பைத்தானிடம் சென்று 2.10 ஐத் தருக என்று கேட்டான். அப்படியொரு பதிப்பே இல்லை என்று அது கையை விரித்தது. உலகத்தில் இல்லாமற் போனதென்று அவன் கலங்கினான். உண்மை என்னவெனில், 2.10 ஆனது பைத்தான் 3.7 முதல் 3.10 வரையுள்ள நான்கு பதிப்புகளுக்கு மட்டுமே கட்டப்பட்டது, 3.12 இன் வாசலில் நின்று கேட்பவனுக்கு அது தோன்றாது. ஆக, லைப்ரரியைப் புதுப்பித்தது முதற் குற்றம். பைத்தானையும் புதுப்பித்துத் திரும்பும் வழியை அடைத்தது இரண்டாம் குற்றம். இரண்டுக்கும் பெயர் உபகாரம்.

இந்த லைப்ரரிகள் ஏதோ மந்திர ஏடுகள் அல்ல. பெரும்பாலானவை இன்ன பைத்தானுக்கு, இன்ன இயங்குதளத்துக்கு, இன்ன செயலிக்கு என்று முன்கூட்டியே இயந்திர மொழியில் ஆக்கப்பட்டு வருபவை. அந்த விவரம் முழுவதும் இறக்குகின்ற கோப்பின் பெயரிலேயே பொறித்திருக்கும். பொருந்தாததைக் கேட்டால் மறுக்கும். மறுத்துவிட்டால் நன்றென்றே சொல்வேன். மறுக்காமல் நிறுவப்பட்டுப் பின்பு கவிழ்ப்பவையே கொடியவை. இதே டென்சர்ஃப்ளோவில் 2018 இல் வந்த 1.6 முதல், ஏவிஎக்ஸ் என்னும் கட்டளைத் தொகுதி இல்லாத பழைய செயலிகளில் ஆயத்தக் கோப்பு சமர்த்தாக நிறுவப்படும், அழைத்தவுடன் விழுந்துவிடும். புலம்பெயர்ந்தோர் அன்போடு நன்கொடையளித்த கணினிகளை நம்பியிருக்கும் பாடசாலைகளில், பழுது பிள்ளையில் என்று எத்தனை ஆசிரியர் தீர்ப்புச் சொல்லியிருப்பார்களோ!

இயங்குதளந்தோறும் இந்தக் கூத்துக்கு வேறு வேறு வேஷம். விண்டோஸ் 7 உள்ளவனால் பைத்தான் 3.8 க்கு மேல் ஏறமுடியாது, 3.9 இன் நிறுவி வாசலிலேயே நிறுத்திவிடும். அப்பிள் மக்கிலே, 2019 இல் வந்த கற்றலினா 32 பிட் நிரல்கள் அனைத்தையும் ஒரே இரவில் அநாதைகளாக்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் எம்1 செயலி வந்தபோது, ஆயத்தக் கோப்புகளை எல்லாம் மறுபடியும் ஆக்கவேண்டியதாயிற்று. உபுண்டு 24.04 இலே, தளத்தோடு வந்த பைத்தானில் எதையும் நேரே நிறுவ முயன்றால், இவ்விடம் என் நிருவாகத்திலுள்ளது என்று அது தடுத்துவிடும். தடுத்த அந்த ஒன்றை மட்டும் நான் மெச்சுகிறேன்.

2024 ஜூன் மாதத்திலே நம்பை என்னும் பைத்தான் லைப்ரரியின் 2.0 ஆம் பதிப்பு வெளியானபோது நடந்ததை நினைவுள்ளோர் நினைத்துப் பார்க்க. பழைய 1.x ஐ நம்பி ஆக்கப்பட்டிருந்த எத்தனையோ தொகுதிகள், தம்மில் ஓர் எழுத்தும் மாறாமலிருக்க, அடியிலிருந்த அஸ்திவாரம் மட்டும் மாறியமையால் இடிந்தன. முதல்நாள் ஓடிய நிரல் மறுநாள் ஓடவில்லை. அப்பொழுதும் இவர்கள் சொன்ன பரிகாரம் என்ன? மற்றவற்றையும் அப்டேட் பண்ணுவது.

பழையதும் புதியதும் அருகருகே வாழலாம் என்பது யாழ்ப்பாணத்தார்க்கு விளங்காமற் போவதுதான் விந்தை. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வாக்கிய பஞ்சாங்கம் ஒன்றாகவும் திருக்கணித பஞ்சாங்கம் வேறொன்றாகவும் சொல்ல, இரண்டையும் பத்திரிகைகள் அருகருகே அச்சிட, ஒரே ஒழுங்கையில் இந்த வீட்டார் ஒன்றையும் அந்த வீட்டார் மற்றதையும் பின்பற்றி மருத்துநீர் வைத்து, பின்பு பலகாரத்தை மாத்திரம் பேதமின்றிப் பரிமாறிக்கொள்வதை நாம் பரம்பரையாகச் செய்து வருகிறோம். திருக்கணிதம் வந்துவிட்டதென்று வாக்கியத்தை எவரும் அழிக்கவில்லை. பைத்தானிலும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சூழல் அமைத்து, அதனதன் லைப்ரரிகளை அதனதன் பதிப்போடு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 3.3 ஆம் பதிப்பிலிருந்து உடன்வருகிறது. ஒரு சூழலில் 2.10 இருக்க, இன்னொன்றில் ஆகப் புதியதை நிறுவி ஆசைதீரப் பார்த்திருக்கலாம். பதிப்பெண்களை ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். நெடுந்தீவு போன்ற இடங்களிலோ, லைப்ரரிக் கோப்புகளையே ஒரு பென்டிரைவில் இறக்கி வைத்து, இணையமின்றியே மீண்டும் நிறுவலாம்.

இணையம் என்றதும் வேறொரு கோபம் வருகிறது. அப்டேட் பண்ணு என்பவர்கள் எல்லாரும் கம்பிவழி இணையம் வீட்டுக்கு வந்த சீமான்கள். 2.10 இன் கோப்பு மட்டும் 400 எம்.பி.க்கு மேல், கியூடா அதிலும் பன்மடங்கு. தொலைபேசி டேட்டாவைக் காசு கொடுத்து வாங்கி, சிக்னல் கிடைக்கும் மூலை தேடி இறக்குகின்ற பிள்ளைக்கு, ஒவ்வொரு புதுப்பிப்பும் வீட்டுச் செலவிலே ஓர் இனம். இணையம் அப்படியென்றால் மின்சாரம் இப்படி: நெடுந்தீவு தேசிய மின்வலையமைப்போடு இணையாத தீவு. டீசல் மின்பிறப்பாக்கியின் தயவிலே விளக்கெரிந்த ஊர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை முதலிற் சீனக் கம்பனியொன்றுக்குக் கொடுத்து, பின்பு நிறுத்தி, 2022 இல் இந்திய நன்கொடையோடு புதிய உடன்படிக்கை எழுதியதும் ஒருவகை அப்டேட்தான். காத்திருந்தவன் தீவான்.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சிலர் இவ்விடத்திற் குரலெழுப்புவர். ஓராமீனின் படங்களைக் களவாட எந்தத் தேசத்துத் திருடன் கப்பலேறி வருகிறான் என்று அறிய ஆவலாயிருக்கிறேன்.

மாறாது நிற்பதையே பெருமையாகக் கொண்ட மென்பொருளும் உண்டு. டொனால்ட் குனூத் என்னும் அறிஞர், நூல்களை அச்சுக்கோக்கும் டெக் என்னும் மென்பொருளை ஆக்கி, மூன்றாம் பதிப்போடு போதும் என்று அதன் அம்சங்களை உறையவைத்தார். பிழை திருத்தும்போதெல்லாம் பதிப்பெண்ணில் பை என்னும் கணித மாறிலியின் இன்னொரு இலக்கம் சேரும். 2021 இலே அது 3.141592653 ஆக நின்றது. உலகத்துக் கணித ஏடுகளிற் பெரும்பகுதி இன்றும் அவ்வழியிலேயே கோக்கப்படுகிறது. இதைக் கண்டிருந்தால் நம் வைத்தியர், எண் மூன்றைத் தாண்டவில்லையே என்று இரங்கி, குனூத்துக்கும் ஒரு கருத்தரங்கு நடத்தியிருப்பார்.

புதுமை மோகம் செய்த நாசத்துக்குத் தமிழிலே வேறு சாட்சியும் உண்டு. ஊர்காவற்றுறைக் கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள், 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலே கண்டெடுத்து, 1966 இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கடந்த ஏட்டைத் திறந்தார், வாசித்தார். ஆனால் பாமினி முதலான எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழை ஒளித்துவைத்துத் தட்டெழுதப்பட்ட நம் கோயில் மலர்களையும் பாடசாலை மலர்களையும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்று திறந்து பாருங்கள். ஒரு வரி வாசிக்க இயலாது. யுனிகோட் 1991 இலேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. ஒருமுறை கொடுத்த இடத்தை ஒருபோதும் மாற்றுவதில்லை என்னும் விதியையும் அது பின்பு வகுத்துக்கொண்டது. மாறாமை அங்கே விரதம். அந்த யுனிகோட்டை மட்டும், வருடந்தோறும் வேறெல்லாவற்றையும் அப்டேட் பண்ணுகிற காரியாலயங்கள் ஏற்கத் தாமதித்துக் கிடந்தன. புதுப்பிக்கவேண்டிய ஒன்றை விட்டுப் புதுப்பிக்கக்கூடாத நூற்றைப் புதுப்பிப்பது ஒரு கலை.

எந்த டென்சர்ஃப்ளோவுக்கு எந்தப் பைத்தான், எந்தக் கியூடா என்று பரீட்சித்துப் பார்த்த அட்டவணையை அதன் நிறுவற் பக்கத்திலேயே ஆக்கியோர் போட்டிருக்கிறார்கள். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, மக்குக்கு ஒன்று. விண்டோஸின் வரைகலைப் பகுதியில் மேல்வரியிலே 2.10 நிற்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதை ஒரு தாளில் அச்சிட்டுத் தீவகத்துப் பாடசாலைக் கணினி அறைகளிலே ஒட்டினால் நலமென்று பொறுப்பான இடமொன்றுக்கு எழுதினேன். அவர்கள் தாமதியாமல், மிக மரியாதையாகப் பதில் அனுப்பியிருந்தார்கள்: அட்டவணை விரைவிற் பழையதாகிவிடும் என்பதால், அதை ஒட்டுவதில் பிரயோசனமில்லையாம்.