வைக்கோலின் கணக்கு யார் கையில்?

"வைக்கோல்தானே, உமிதானே!" என்று உதட்டைப் பிதுக்குவோர் இன்றும் உளர். நெல்லுக்கு விலை, எஞ்சியது எருக்குழிக்கு என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. நிலக்கரியோடு பயிர்க்கழிவால் செய்த எரிகட்டிகளையும் சேர்த்து எரித்திடல் வேண்டும், பெரும்பாலான அனல்மின் நிலையங்களில் அதன் பங்கு 5 விழுக்காடாக இருத்தல் வேண்டும் என்று 2021 அக்டோபரில் ஒன்றிய மின்துறை கொள்கை வகுத்தது. நேற்றுவரை குப்பை, இன்று கொள்முதல் பொருள்! மகிழ்ச்சிதான். ஆனால் தோழர்களே, விலை பிறந்த இடத்தில் தரகும் பிறக்கும். தரகு தழைத்த இடத்தில் உழவன் தாழ்வான். நெல்லிலும் கரும்பிலும் நாம் கண்ட கதையன்றோ இது?

திருவண்ணாமலை மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஆரணியிலும் களம்பூரிலும் அரிசி ஆலைகள். செய்யாற்றில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. மானாவாரி நிலமெங்கும் நிலக்கடலை. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி. 100 கிலோ கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 30 கிலோ சக்கை. கடலையை உடைத்தால் கால் பங்குக்குக் குறையாமல் தோல். வைக்கோலோ நெல்லின் எடைக்கு ஏறத்தாழ ஈடாக நிற்கும். இத்தனையும் எரிபொருள், இத்தனையும் செல்வம்.

உமியும் சக்கையும் ஆலை முற்றத்திலேயே குவிகின்றன. ஆலையின் கொதிகலனே அவற்றை விழுங்கிவிடும். வைக்கோல் அப்படியன்று, ஆயிரம் வயல்களில் சிதறிக் கிடக்கிறது. அறுவடை இயந்திரம் போன மறுநாளே கட்டும் இயந்திரம் வந்தாக வேண்டும். இடையில் ஒரு மழை பெய்தால் வைக்கோல் கறுத்துப்போகும். அடுத்த நடவுக்கு வயலும் ஒழிந்தாக வேண்டும். இந்த அவசரத்தில் விலை பேச உழவனுக்கு ஏது நேரம்? வண்டியோடு வந்தவன் சொன்னதே விலை. அவன் எண்ணியதே கட்டு!

இங்குதான் மின்னணுக் கருவிகள் துணை நிற்கும். எந்த வயல் எந்த நாளில் அறுவடையாகும் என்பதைச் செயற்கைக்கோள் படமும் உழவனின் கைப்பேசியும் முன்கூட்டியே சொல்லும். பக்கத்து வயல்களை ஒரே நாளில் சேர்த்துக் கட்டினால் லாரி வெறுமையாய் அலையாது. எடைமேடையிலிருந்தே எடைச்சீட்டு உழவனின் கைப்பேசிக்கு வந்துவிடும். 2018இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய உழவன் செயலி விளைபொருளின் சந்தை விலையைச் சொல்கிறது. நெல்லின் விலைக்கு அருகே வைக்கோலின் விலையும் கடலைத்தோலின் விலையும் அங்கே நாள்தோறும் இடம்பெறட்டும்.

ஆனால் அதே கருவி வணிகன் ஒருவனின் பெட்டியில் அடைபட்டால் நிலை என்ன? எவனுக்கு நாளை நடவு, எவனுக்கு இன்றே பணமுடை என்று அத்தனையும் அவன் அறிவான். அவன் எங்கே விற்கிறான், என்ன விலைக்கு விற்கிறான் என்பதை நாம் அறியோம். பழைய தரகனுக்குப் புதிய கண்ணாடி மாட்டிவிட்ட கதையாகிவிடும்!

உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். அங்கே கரும்பு உழவர்க்கு 2019இல் கைப்பேசிச் செயலி வந்தது. ஆலைக்குக் கரும்பு கொண்டுவரும் நாள் குறித்த சீட்டு கைக்கே வருகிறது. நல்ல மாற்றம். ஆனால் 14 நாளில் பணம் தரவேண்டும் என்று 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லியும், நிலுவைக்காக உழவர் போராடும் நிலை அங்கே பலமுறை நேர்ந்தது. சீட்டை விரைவாக்கியது கருவி. பணத்தை விரைவாக்குவது ஆட்சியின் உறுதியும் உழவரின் ஒற்றுமையும்தான்.

தமிழகத்துக்கு வேறொரு பாடமும் உண்டு. 1979இல் அரசு நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருளுக்கு வழிசெய்து, அவை எரித்துவந்த சக்கையைப் பெற்று, 1984 முதல் தாள் செய்தது. கைப்பேசி இல்லாத காலத்தில் அதைச் சாதித்தது நேர்மையான ஒப்பந்தம். முதலில் ஒப்பந்தம், பின்னர் கருவி!

திருவண்ணாமலை நகரத்தார்க்கு இது அறியாத பாடமன்று. கார்த்திகையில் மலையுச்சிக் கொப்பரை 11 நாள் எரியப் பெருமளவு நெய் வேண்டும் என்பர். அதற்கு எண்ணற்றோர் சிறுகச் சிறுக நெய்க்காணிக்கை செலுத்துகின்றனர். கொடுத்தவர்க்குச் சீட்டு உண்டு. சிதறிய சிறு பங்குகள் சேர்ந்தால் ஊரே காணும் ஒளியாகும். வைக்கோலும் அவ்வாறே சேரட்டும், அவ்வாறே சீட்டோடு!

ஆகவே நாம் கேட்பவை இவை. பதிவேடு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கட்டும். 1904இல் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் கண்ட நாடு இது. 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க 2022இல் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தக் கணினியில் கடன் கணக்கோடு வைக்கோல் கணக்கும் ஏறட்டும்.

அடுத்து, உழுதவன் பெயரே ஏட்டில் ஏற வேண்டும். இப்போது வழங்கப்படும் உழவர் அடையாள எண் நில உடைமை ஆவணத்தோடு பிணைந்தது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுவோனிடம் பட்டா ஏது? வியர்வை அவனுடையது, வைக்கோல் மட்டும் பட்டாக்காரனுடையதா?

கதிரடிக்கும் வேலையை இயந்திரத்திடம் இழந்த கூலித் தொழிலாளரின் சங்கத்திற்கே கட்டும் இயந்திரம் கடனாகக் கிடைக்கட்டும். மாட்டுக்கும் மண்ணுக்கும் உரிய பங்கு போக எஞ்சியதே கொதிகலனுக்குச் செல்லட்டும். கறவைமாட்டை நம்பி வாழும் ஏழைத் தாயின் தொழுவத்தை வெறுமையாக்கிவிட்டு எரியும் விளக்கு நமக்கு வேண்டாம்!

தோழர்களே, அடுத்த அறுவடைக்கு முன் உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் படியேறுங்கள். வைக்கோலுக்கு ஏடு உண்டா, குத்தகையாளர்க்கு அதில் இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள், எழுதும்வரை விடாதீர்கள். விளைத்தவன் கையில் கணக்கு இருந்தால், வைக்கோலும் அவன் வீட்டுக்கு விளக்கேற்றும்!