காலாப்பட்டுக்கும் கோரிமேட்டுக்கும் இடையே

மதிப்பிற்குரிய புதுவைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,

உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் என்று முதுநிலை படிக்க உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த ஊர் தரக்கூடியதை இந்தியாவில் மிகச் சில ஊர்களே தர முடியும். 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர்கொண்ட ஜிப்மர் மருத்துவ நிறுவனம் கோரிமேட்டில் இருக்கிறது. அதன் அருகிலேயே, 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். உயிரியல் துறைகளின் முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு செமஸ்டரை இவ்விரண்டில் ஒன்றில் கழிப்பதைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தெரிந்த ஆசிரியர் ஒருவரின் சிபாரிசில் கிடைக்கும் இடமாக அது இருக்கக் கூடாது.

உயிரியல் இந்த ஊருக்கு என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். யானைக்கால் நோய் புதுச்சேரியின் நெடுநாள் துயரம். அதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகுவது. 1981 முதல் 1985 வரை, பி.கே. ராஜகோபாலன் தலைமையில் அந்த ஆராய்ச்சி மையம் நகரம் முழுவதும் கொசு ஒழிப்பை நடத்தியது. மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், கொசு எங்கே முட்டையிடுகிறது, எந்த நீரில் புழு வளர்கிறது என்று தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, அந்த இடங்களைத் தூர்த்தார்கள், சீராக்கினார்கள், மீன்களை விட்டார்கள், மக்களையும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். கொசுவும் குறைந்தது, நோய்த்தொற்றும் குறைந்தது. மருத்துவர் கையில் நோயாளி வந்து சேருவதற்கு முன்பே நடந்த வேலை இது. செய்தவர்களில் பூச்சியியலும் விலங்கியலும் படித்தவர்கள் பலர். நீட் தேர்வில் மருத்துவ இடம் கிடைக்காதவர்களின் புகலிடமாக உயிரியலைப் பார்க்கும் பெற்றோருக்கு இந்த வரலாற்றை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பல்கலைக்கழகத்தின் வேலை அடிப்படை அறிவியல், களப்பணி அதைச் சிதறடிக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை 1924இல் க்யூலெக்ஸ் கொசுவின் உடலில் கண்டவர்கள் டெங்குவைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் அல்லர். பல பத்தாண்டுகள் கழித்தே, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தப் பாக்டீரியாவைச் சுமந்தால் அதன் உடலில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகுவதில்லை என்று தெரிந்தது. அத்தகைய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக நம் ஊர் மையம் 2022இல் அறிவித்தது. அடிப்படை ஆய்வும் களமும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

நோயாளிகளின் அந்தரங்கம் பற்றிய தயக்கம் நியாயமானது. மருத்துவம் படிக்காதவரை வார்டுக்குள் விட வேண்டியதில்லை. பெயர் நீக்கிய மாதிரிகளோடு, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஆய்வகத்தில் வேலை செய்தால் போதும். எல்லோருக்கும் இடமிருக்காது என்பதும் மெய்தான். அதனால் படிப்படியாகப் போகலாம். பொதுச் சுகாதாரப் பூச்சியியல் முதுநிலைப் படிப்பை அந்த மையம் உங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்தே நடத்தி வந்திருக்கிறது; வழி தெரியாத காரியமல்ல இது.

அடுத்த அகாடமிக் கவுன்சில் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் ஒரே ஒரு துறையோடு தொடங்கினாலும் சரி, வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரிக் குடிமகன்