பெனால்டி கிக்: சதவீதம் சொல்லாத கணக்கு

மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் பெனால்டி கிக் சதவீதத்தில் வந்து நிற்கும். ஒரு நம்பரைத் தூக்கிப் போட்டால் வழக்கு முடிந்தது என்று நினைப்பு! அந்த நம்பர் அவ்வளவு நம்பகமானதா என்ன?

முதல் சிக்கல், எண்ணிக்கை மிகக் குறைவு. 2022 உலகக் கோப்பையில் ஷூட் அவுட்டைத் தவிர்த்து மெஸ்ஸி அடித்த பெனால்டிகள் ஐந்து. போலந்து கோல்கீப்பர் ஷெஸ்னி தடுத்தது போக நான்கு கோல். அதாவது 80 சதவீதம். 2018ல் ஐஸ்லாந்துக்கு எதிராகத் தவறவிட்டதையும் சேர்த்தால் ஆறுக்கு நான்கு, 67 சதவீதம்தான். ஒரே ஒரு உதையில் 13 புள்ளிகள் சரிவு! இதை வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று எப்படித் தீர்ப்பு சொல்வது? போட்ட முதல் எவ்வளவு என்று கேட்காமல் லாப விகிதத்தை மட்டும் வைத்து இரண்டு கடைகளை ஒப்பிடுவது மாதிரிதான் இது.

இரண்டாவது சிக்கல், எல்லா பெனால்டியும் ஒன்றல்ல. 2010 உலகக் கோப்பை கால் இறுதி. உருகுவேக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கானாவின் அசமோவா ஜியானுக்கு ஒரு பெனால்டி. போட்டிருந்தால், அரை இறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி கானாதான். பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போனது. சில நிமிடங்களில் ஷூட் அவுட். கானாவுக்காக முதலில் வந்தவர் அதே ஜியான், கோலும் போட்டார்! ஆனாலும் கானா தோற்றது. 2024 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக ரொனால்டோவுக்கும் இதே கதை. கூடுதல் நேரத்தில் ஒப்லாக் தடுத்தார். ஷூட் அவுட்டில் முதல் ஆளாக வந்து அவரையே ஏமாற்றி கோல் போட்டார் ரொனால்டோ. கணக்குப்படி இருவருக்கும் இரண்டுக்கு ஒன்று, 50 சதவீதம். மறுபடி வந்து நின்ற துணிச்சலுக்கு அட்டவணையில் கட்டமே கிடையாது. ஒதுங்கி நின்றவரின் சதவீதமோ பழுதில்லாமல் அப்படியே இருக்கும்!

இது வெறும் அரட்டை விஷயமும் அல்ல. 2021ல் இத்தாலியுடனான ஐரோப்பியக் கோப்பை இறுதியில் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவரையும் இணையத்தில் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். சாக்காவுக்கு அப்போது வயது 19. அதே சாக்கா 2024 கால் இறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஷூட் அவுட்டில் கோல் போட்டார், இங்கிலாந்து வென்றது.

ஒப்பிடுவது தப்பில்லை. எத்தனை உதை, எந்தக் கட்டம், ஆட்ட நேரமா ஷூட் அவுட்டா என்று பிரித்துப் பார்த்து ஒப்பிட வேண்டும். நூறு உதை அடித்து இருபத்தைந்து தவறவிட்டவரையும், நான்கு அடித்து ஒன்றைத் தவறவிட்டவரையும் ஒரே 75 சதவீதத்தில் அடைப்பது கணக்கே அல்ல!