மாரிக்காலத்தில் ஓர் உலர்ந்த இடம்

ஐப்பசி பிறந்துவிட்டால் மாத்தளைப் பக்கத்தில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. இடைப்பருவ மழை கார்த்திகை வரை கொட்டுகிறது. அது ஓய்வதற்குள் வடகீழ்ப் பருவக்காற்று வந்து மாசி வரை நின்றுவிடுகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஈரக்காற்றும் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைப் பனியும் சேர்ந்து, அளுவிகாரைக்கு அப்பால் ஏ9 வீதியோரம் அமைந்த பலாபத்வலவையும் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் குளிரவைக்கின்றன. மேலைநாடுகளின் உறைபனி நமக்கு இல்லை. ஆனால் நாள்கணக்கில் நனைந்த உடம்பை வாட்ட இந்தக் குளிரே போதும்.

இக்காலத்தில் அதிகம் அல்லற்படும் உயிர்களில் ஒன்று, எந்த வீட்டையும் சேராத பூனை. கடைத் திண்ணையின் கீழும், மூடிக்கிடக்கும் கட்டடங்களின் மூலையிலும், நிறுத்திவைத்த வாகனத்தின் அடியிலும் அது ஒதுங்குகிறது. அதற்குச் சோறு வைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது தம் வளவுக்குள் வரக்கூடாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் இந்த ஊரின் நன்மையை விரும்புகிறவர்கள்தாம். ஆகவே இருவரும் சேர்ந்து செய்யக்கூடியது என்ன என்பதை மழை வலுக்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

விறகடுப்பு எரிந்த காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக எழவில்லை. இரவில் ஆறிய அடுப்பின் சாம்பலே பூனைக்குப் படுக்கையாக இருந்தது. நெல் மூட்டைகள் அடுக்கிய அறையும் வைக்கோல் போரும் அதற்கு இடம் கொடுத்தன. பதிலுக்கு அது எலிகளைப் பார்த்துக்கொண்டது. எரிவாயு அடுப்பும் கம்பி வலை அடித்த குசினியும் வந்தபின் அந்த இடங்கள் குறைந்துவிட்டன. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், வீட்டார் உண்பதே சிரமமாகிப்போன நாள்களில், வளர்ப்புப் பிராணிகள் பல தெருவுக்கு வந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மாத்தளை மாவட்டத்திலும் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. அப்படி வீட்டைவிட்டு உடனே வெளியேற நேரும்போது பூனையைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக எல்லோராலும் முடிவதில்லை. இன்று தெருவில் நிற்கும் பூனைகளில் சில இவ்வாறு வீட்டை இழந்தவை.

மற்றவை தெருவிலேயே பிறந்தவை. இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழெட்டு வாரம் வரை மனிதர் கைபடாமல் வளர்ந்த குட்டி, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நம்மைக் கண்டு ஒதுங்கியே இருக்கும். அதைப் பிடித்து வீட்டுக்குள் அடைத்து வைப்பது அதற்குத் துன்பம்; பிடிப்பவரின் கைக்கும் ஆபத்து. வெளியிலேயே வாழும் அந்தப் பூனைக்கு நாம் தரக்கூடியவை மூன்று: நனையாத இடம், வேளைக்கு உணவு, அளவுக்கு மேல் பெருகாமல் இருக்க உதவி.

பூனைகளுக்கு ஆதரவாகப் பேசுவோரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பூனையின் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். உலர்ந்த உரோமம் அந்தச் சூட்டைக் காக்கிறது; நனைந்துவிட்டால் காக்க முடிவதில்லை. பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளால் தம் உடற்சூட்டைத் தாமாக நிலைநிறுத்திக்கொள்ள இயலாது. தாய் இரைதேடிப் போன நேரத்தில் கூடு நனைந்தால் ஓர் இரவிலேயே அவை இறந்துவிடலாம். எலிகளைப் பற்றியும் அவர்கள் பேசுகிறார்கள். 2008-இல் நாடெங்கும் 7,000-க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று பதிவானபோது, மாத்தளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. பூனைகள் மட்டும் எலிகளை ஒழித்துவிட முடியாது; குப்பையை மூடிவைப்பதே முதல் வேலை. ஆயினும் நெல்லும் மிளகும் கொக்கோவும் விளையும் ஊரில் பூனையின் உதவியை எவரும் மறுப்பதில்லை.

மறுபக்கத்தில் நிற்போரின் கவலையையும் அதே அளவு மதிப்புடன் கேட்க வேண்டும். கோழிக்குஞ்சுகளை இழந்த குடும்பத்துக்கு அது வருமான இழப்பு. விதைத்த பாத்தியைப் பூனை கிளறிவிட்டால் உழைப்பு வீணாகிறது. பூனைக் கழிவின் வழியே பரவும் டொக்சோபிளாஸ்மா கிருமியைப் பற்றிக் கர்ப்பிணிகள் எச்சரிக்கையாக இருப்பது சரியானதே. நீர்வெறுப்பு நோய் பெரும்பாலும் நாய்களிடமிருந்து பரவினாலும் பூனையின் கடியாலும் பரவக்கூடும். ஒருவர் தம் வாசலில் வைக்கும் சோறு, அடுத்த வீட்டாருக்கு ஈயும் எலியும் நாற்றமுமாகப் போய்ச் சேர்வதும் உண்டு. இவற்றைச் சொல்பவரை இரக்கமற்றவர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

காட்டுயிர்களின் பக்கமும் இருக்கிறது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-ஆம் ஆண்டளவில் கலங்கரை விளக்கத்தோடு வந்து சேர்ந்த பூனைகளும் அவற்றின் வழிவந்தவையும், அங்கு மட்டுமே எஞ்சியிருந்த ஒரு சிறு பறவையினத்தைச் சில ஆண்டுகளுக்குள் இல்லாமலாக்கின. நமக்குக் கிழக்கே உள்ள நக்கிள்ஸ் காடு, 2010-இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. இலைமூக்கு ஓணான் போன்ற, உலகில் வேறெங்கும் இல்லாத உயிர்கள் அங்கு வாழ்கின்றன. வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிக் காட்டோரத்தில் விட்டுவிட்டு வருவது, குட்டிகளுக்கும் கேடு, காட்டுக்கும் கேடு. விகாரை, கோவில், பள்ளிவாசல், சந்தை ஆகியவற்றின் வாசலில் விடுவதும் நம் பொறுப்பை இன்னொருவர் தலையில் வைப்பதே ஆகும்.

இரு பக்கத்தையும் கேட்டபின் ஒன்று தெளிவாகிறது. கருத்தடை இல்லாமல் சோறு மட்டும் வைத்தால் பூனைகள் பெருகுகின்றன. கருத்தரித்து ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும் பூனை, ஆண்டில் இரண்டு மூன்று முறை ஈனக்கூடியது. பெண்குட்டி ஆறு மாதத்துக்குள்ளேயே கருத்தரிக்கலாம். மறுபுறம், விரட்டுவதாலும் நஞ்சு வைப்பதாலும் இடம் காலியாவதில்லை. உணவும் மறைவிடமும் இருக்கும்வரை வேறு பூனைகள் வந்து சேரும். நஞ்சு வைப்பது கொடுமை. விலங்குகளைத் துன்புறுத்துவதற்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907 முதலே நம் நாட்டில் இருக்கிறது. ஆகவே பராமரிப்பையும் கட்டுப்பாட்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள்வதுதான் இரு சாராருக்கும் பயன் தரும் வழி.

முதலில் பராமரிப்பு. இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. மீன் கடையில் ஒதுக்கிவிடும் ரெஜிபோம் பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்தால் அதுவே நல்ல கூடு. குளிர் உள்ளே இறங்காது. பெட்டி சிறியதாக இருக்கட்டும். பூனை தன் உடற்சூட்டாலேயே அதை வெப்பமாக்கிக்கொள்ள வேண்டும். 15 சென்றிமீற்றர் அளவில் ஒரு வாயில் போதும். நாய் நுழைய முடியாது. மழைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வாயில் தென்மேற்கைப் பார்க்கட்டும். இரண்டு கொங்கிறீட் கற்களின் மேல் தூக்கிவைத்து, காற்றில் புரளாமல் மேலே பாரம் வைக்க வேண்டும்.

உள்ளே போடுவதற்கு வைக்கோலே சிறந்தது. பழைய துணியும் சாக்கும் ஈரத்தை உறிஞ்சி, படுத்திருக்கும் உடம்பின் சூட்டைக் குறைத்துவிடும். சிறுபோக அறுவடை முடிந்த வயல்களில் இதற்குத் தேவையான வைக்கோல் எளிதாகக் கிடைக்கும். ஈரமானால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சூடு வேண்டும் என்று விளக்கையோ தணலையோ அருகில் வைப்பது தீ விபத்தை வரவழைக்கும். குளிர்ந்து விறைத்த குட்டியைக் கண்டால் உடனே பால் புகட்ட வேண்டாம். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். உடம்பு குளிர்ந்திருக்கும்போது கொடுக்கும் உணவு செரிக்காது. மனிதருக்கான மருந்துகளையும் கொடுக்கக் கூடாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பரசிற்றமோல் பூனையைக் கொன்றுவிடும்.

உணவுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட்டால் அயலாரின் குறை பாதி தீர்ந்துவிடும். பூனை மாமிச உண்ணி என்பதால் மீன் தலை, முட்டை, கோழி மிச்சம் ஆகியன அதற்கு ஏற்றவை. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு அதற்கு நஞ்சாகலாம். பசுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தருகிறது, தண்ணீரே போதும். முச்சக்கரவண்டியும் வானும் வைத்திருப்போர் குளிர்காலக் காலையில் வண்டியை இயக்குமுன் இயந்திரப் பக்கத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினால், சூட்டுக்காக உள்ளே புகுந்த பூனை வெளியேறிவிடும்.

அடுத்தது கட்டுப்பாடு. பொறிக்கூண்டில் பிடித்து, கருத்தடைச் சத்திரசிகிச்சையும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுவது உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படும் முறை. சிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாக, மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுகிறார்கள். அதே பூனையை மறுபடி பிடித்து வதைக்க வேண்டியதில்லை. ஓர் இடத்தின் பூனைகளில் ஒன்றிரண்டுக்கு மட்டும் செய்தால் பயன் தெரியாது. பத்தில் ஏழெட்டுக்காவது செய்து, புதிதாக வருபவற்றையும் கவனித்தால்தான் எண்ணிக்கை இறங்கும். இதை மழைக்கு முன், ஆடி, ஆவணி மாதங்களில் முடிப்பது நல்லது. தையல் ஆறும் நாள்களில் உடம்பு நனையக் கூடாது.

இது நம்மால் ஆகக்கூடியதுதானா என்று தயங்குவோர், நாய்கள் விடயத்தில் நடந்ததைப் பார்க்கலாம். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-இல் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. 1996-இல் மாநகராட்சியும் அந்த வழியை ஏற்றது. நம் நாட்டில் 2006 முதல் அரசு தெருநாய்களைக் கொல்வதைக் கைவிட்டு, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் முதலிடம் தந்தது. 1973-இல் நீர்வெறுப்பு நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. கிராமம் கிராமமாகத் தடுப்பூசிக்கு நாயைக் கொண்டுவந்த பொதுமக்களும், வீடு வீடாகச் சென்ற சுகாதாரப் பணியாளர்களும் சேர்ந்து பெற்ற பயன் இது.

பலாபத்வலவில் இதற்கு வேண்டிய ஆள்பலம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அரச கால்நடை வைத்தியரும் வழிகாட்டலாம். நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில், நமக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. ஒரு நாள் கருத்தடை முகாமுக்குப் பிரதேச சபை இடம் தரலாம். வர்த்தகர்கள் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம். வண்டி வைத்திருப்போர் கூண்டுகளை ஏற்றி இறக்கலாம். எந்த மூலையில் எத்தனை பூனைகள், எதற்குக் காது வெட்டியிருக்கிறது என்று மாணவர்கள் குறித்துவைக்கலாம். அன்பும் கருணையும் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான போதனை என்பதால், விகாரையிலும் கோவிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒரே அறிவிப்பை மும்மொழியிலும் சொல்லலாம்.

பூனையை விரும்பாதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவர்களிடம் அன்பைக் கேட்க வேண்டியதில்லை, பொறுமையைக் கேட்டால் போதும். கோழிக்கூட்டை மாலையிலேயே அடைப்பதும், புதிய பாத்தியில் எலுமிச்சை முள்ளைப் பரப்புவதும், குப்பை வாளியை மூடுவதும் அவர்கள் செய்யக்கூடியவை. சோறு வைப்பவர்களோ அயலாரின் அனுமதியோடு இடம் தெரிந்தெடுத்து, கழிவை நாள்தோறும் கையுறையிட்டு அகற்ற வேண்டும். டொக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால், அன்றன்று அகற்றுவது உண்மையான பாதுகாப்பு. எந்தப் பூனை கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.

இவற்றுள் எதுவும் ஒருவர் தனியே சுமக்க முடியாதது; பகிர்ந்துகொண்டால் எவருக்கும் பாரமில்லாதது. இந்த மாரிக்கு முன் ஒவ்வொரு வீதியிலும் நாலு பேர் கூடிப் பேசட்டும். பெட்டி எங்கே வைப்பது, சோறு யார் வைப்பது, முகாமுக்கு யாரைக் கேட்பது என்ற மூன்றையும் முடிவு செய்தால் தொடங்கிவிடலாம். அடுத்த மாரியில் நனையும் குட்டிகள் குறைவாக இருக்கும். அயலாருக்கிடையே மனத்தாங்கலும் குறைந்திருக்கும்.