சனிக்கிழமை மட்டும்

வாரம் ஒரு முறை உட்கொள்ள வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டு நோயாளிகள் மாண்டுபோவது, பல எச்சரிக்கைகளுக்குப் பின்னும் ஓயவில்லை என்று கண்ட ஐரோப்பிய மருந்து முகமை, 2019 ஆகஸ்டு மாதத்தில் புதிய கட்டுப்பாடுகளை வெளியிட்டது. இம்மருந்தில் பயிற்சியுள்ள வைத்தியரே இதை எழுத வேண்டும். பெட்டியின்மீது எச்சரிக்கை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மாத்திரைகளைப் புட்டியில் போட்டு விற்பதை விடுத்து அட்டைகளில் அடைத்தே விற்க வேண்டும். நோயாளியின் கையில் ஒரு நினைவுச் சீட்டு இருக்க வேண்டும் என்பவை அவற்றின் சாராம்சம். அவை நம் நாட்டைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஆயினும், கடுமையான சோரியாசிஸ் நோயாளிக்கு உயிரியல் மருந்துகளின் விலை எட்டாக் கனியாக இருக்கும் இந்நாட்டில், நம் பேனா முதலில் எழுதும் பெயர் மெத்தோட்ரெக்ஸேட்டே ஆதலால், நம் பத்திரிகை மௌனம் சாதிப்பது முறையாகாது. இக்கட்டுப்பாடுகளை நாம் வரவேற்கிறோம்; அவை போதா என்பதும் நம் அபிப்பிராயம்.

மருந்தைத் தொடங்குமுன் பார்க்க வேண்டிய ரத்த அணுக்கணக்கு, கல்லீரல் சோதனை, கிரியாட்டினின், ஹெபடைடிஸ் பி மற்றும் சி, மார்புப் படம், காசநோய்ச் சோதனை, கர்ப்பம் இல்லை என்ற நிச்சயம், மதுப்பழக்கம் பற்றிய விசாரணை ஆகியவற்றை இவ்விதழின் வாசகர்களுக்கு நினைவூட்டுவது அதிகப்பிரசங்கம் ஆகும். இத்தனையையும் சிரத்தையோடு பார்க்கும் நாம், மாத்திரையை எந்தக் கிழமையில் விழுங்குவது என்ற ஒன்றை மாத்திரம் மருந்துக் கடைப் பையன் சொல்லிக்கொள்வான் என்று விட்டுவிடுகிறோம்.

கிழமை என்பது இம்மருந்தில் ஓர் உபசார விஷயம் அன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த ஃபோலிக் அமில எதிரிகளில் ஒன்றான அமினோப்டெரின், சோரியாசிஸ் படைகளைக் கரைப்பதை 1951-இல் கப்னர் கண்டார். 1958-இல் எட்மண்ட்சனும் கையும் மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொண்டு அதையே சாதித்தார்கள். அக்காலத்தில் சிறு அளவாக நாள்தோறும் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அதன் உபத்திரவத்தை அனுபவித்து அறிந்த பிறகே, 1971-இல் வைன்ஸ்டைனும் ஃப்ராஸ்டும் 12 மணி நேர இடைவெளியில் மூன்று வேளை கொடுத்து வாரத்தின் மிச்ச நாட்களில் ஓய்வு விடும் முறையை வகுத்தார்கள். எலும்பு மஜ்ஜைக்கும் வாயின் சளிச்சவ்வுக்கும் ஊறு செய்வதில், ஒரு நாளில் எவ்வளவு சென்றது என்பதைவிட எத்தனை நாள் இடைவிடாமல் சென்றது என்பதே பெரிது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு முதிய நெசவாளரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 7.5 மில்லிகிராம் மாத்திரை பத்து கொண்ட ஓர் அட்டையை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பத்து வாரத்துக்கு வர வேண்டிய அந்த அட்டையைப் பத்தே நாளில் தீர்த்துவிட்டு, வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காமல், படைகளின் மேல்தோல் கழன்று ரணமாகி, காய்ச்சலோடு அவர் வந்தபோது, வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறைந்திருந்தன. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "வாரத்துக்கு மாத்திரைன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க. ஒரு வாரம் போட்டேன். கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, மிச்சத்தையும் போட்டேன்" என்றார். இரவோடு இரவாக லியூகோவொரின் தேடிப் பிடித்து ஏற்றினோம், பிழைத்தார்.

அவர் என் வார்த்தையை மீறியவர் அல்லர், அதற்குக் கீழ்ப்படிந்தவர். நம் பேச்சில் 'வாரத்துக்கு மாத்திரை' என்றால் ஏழு நாளைக்கான மாத்திரை என்றே பொருள். சளிக்கும் காய்ச்சலுக்கும் நாமே ஆயிரம் முறை அந்தப் பொருளில்தான் அதைச் சொல்லியிருக்கிறோம். 'வாரம் ஒன்று' என்பதும் அவசரத்தில் ஒரு வாரம் என்றே காதில் விழும். சீட்டிலோ, வாரம் ஒரு முறை என்பதற்கு நாம் கிறுக்கும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள், நாளுக்கு ஒரு முறை என்பதற்குரிய இரண்டு எழுத்துக்களோடு ஒரு கோடளவே வேறுபடுகின்றன. போதாக்குறைக்கு, மறுநாள் எடுக்கச் சொல்லும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் அதே மஞ்சள் நிறத்தில் சிறிதாகவே இருக்கிறது. ஆகவே, கிழமையின் பெயரைச் சொல்லாமல் வாரத்தைப் பற்றிப் பேசும் எந்த வாக்கியமும் இம்மருந்து விஷயத்தில் அபாயகரமானது என்பது என் திடமான முடிவு.

இதை நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன். இந்த மாத்திரை அட்டையில் தமிழில் ஒரு வரி வேண்டும் என்று கூட்டங்களில் பேசினால், அது தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்ட மொழிப் பிரச்சினை என்று புன்னகையோடு ஒதுக்கிவிடுகிறார்கள். மொழிப் பிரச்சினையா இது? பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் புட்டியில், அது விற்பனையாகும் பிரதேசத்தின் மொழியில் விவரம் அச்சிடப்பட வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கட்டளையிடுகின்றன. எழுத்தறியாதவனுக்கும் விளங்கும்படி நச்சின் கடுமைக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணமும் போடச் சொல்கின்றன. கத்தரிச் செடிக்குத் தெளிப்பதை உழவன் தன் மொழியில் படித்தறிய வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்த அரசாங்கம், அதே உழவன் தன் வாயில் போட்டுக்கொள்ளும் செல்நச்சு மருந்தின் அட்டையை ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட இன்றுவரை அனுமதித்துக்கொண்டிருப்பதற்கு என்ன சமாதானம் சொல்லும்? இடமில்லை என்கிறார்கள், கம்பெனியின் பெயர் அதே அட்டையில் பத்து முறை வருகிறது. மாநிலத்துக்கு ஒரு மொழியானால் செலவு அதிகம் என்கிறார்கள். பூச்சிமருந்து விற்பவர்களுக்கு அந்தச் செலவு தாங்குகிறதே! என் கையால் எழுதிய சீட்டுக்களைக் காட்டி நோயாளிகள் வாங்கி வந்த அட்டைகளில், தமிழில் 'வாரம்' என்ற சொல்லை நான் ஒரு முறைகூடக் கண்டதில்லை. அந்த நெசவாளரின் வாய்ப்புண்ணுக்கு நான் பாதிப் பொறுப்பாளி. மறு பாதியை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பியர்கள் அட்டையில் அடைக்கச் சொல்கிறார்கள். நம் மாத்திரைகள் வெகு நாளாக அட்டையில்தான் வருகின்றன, அதனால் என்ன பயன் விளைந்தது? நமக்கு வேண்டியது வாரத்துக்கு ஓர் அறையாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் தேதி எழுத இடம் விட்டு, நோயாளியின் மொழியில் எச்சரிக்கை பொறித்த நான்கு வார அட்டை. அது வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 2.5 முதல் 15 மில்லிகிராம் வரை பல அளவுகளில் மாத்திரை கிடைத்தாலும், ஒரு நோயாளிக்கு எப்போதும் ஒரே அளவு மாத்திரையை எழுதலாம். நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்காதிருக்கலாம். வைன்ஸ்டைன் முறையின் மூன்று வேளைக் கணக்கை நான் கைவிட்டுவிட்டேன். எண்ணிக்கை கூடுந்தோறும் குழப்பமும் கூடுகிறது. கிழமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நோயாளிக்கே கொடுக்கிறேன். ஆண்கள் பலர் எண்ணெய் முழுக்கு நாளான சனிக்கிழமையையும், பெண்கள் வெள்ளிக்கிழமையையும், கிராமத்தார் தங்கள் ஊர்ச் சந்தை நாளையும் சொல்கிறார்கள். சொன்ன நாளைத் தமிழில் முழுமையாக எழுதி, பக்கத்தில் 'மட்டும்' என்று சேர்த்து, அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் செய்கிறேன். படிக்கத் தெரியாதவர், கூட வந்தவரிடம் திருப்பிச் சொல்கிறார். இதற்கு ஒரு நிமிஷம் ஆகிறது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாள்தோறும் உட்கொண்டு விபத்துக்குள்ளான நோயாளியை உங்களில் எவரேனும் பார்த்திருந்தால், அதை மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் அருகிலுள்ள மையத்துக்குத் தவறாமல் தெரிவித்துவிட்டு, ஒரு பிரதியை நமக்கும் அனுப்புங்கள். நோயாளியின் பெயரோ, எழுதிய வைத்தியரின் பெயரோ வேண்டாம். சீட்டும் அட்டையும் தெரியும் புகைப்படம் இருந்தால் போதும். வருவனவற்றைத் தொகுத்து மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம்.