நொண்டிக் குதிரையும் கைவைத்தியமும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் குதிரைப் பேச்சும் பிறந்துவிடும். பள்ளிபாளையத்திற்கு ஆற்றின் அக்கரையில், பவானியைத் தாண்டினால் அந்தியூர். அங்கே குருநாதசாமி கோவில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வார், நொக்ரா என்று பலவகைக் குதிரைகள் வருகின்றன. லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் குதிரைகளும் உண்டு. அச்சந்தையில் குதிரை வாங்கிய பள்ளிபாளையத்துத் தோழர் ஒருவருக்கு நேர்ந்த சங்கதியை இன்று எழுத வேண்டியிருக்கின்றது. அது அவர் ஒருவருடைய சங்கதியல்ல. நம்மில் பலருடைய புத்தியின் சங்கதி என்பதாலேயே எழுதுகின்றோம்.

அத்தோழர் தறி ஓட்டிப் பிழைப்பவர். கடன் வாங்கிய பணத்தில் ஒரு பெண் குதிரையை வாங்கி, கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டு வந்தார். மூன்றாம் மாதம் குதிரை வலது முன்னங்காலை நொண்டத் தொடங்கிற்று. முதலில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் வந்தார். தோளில் வாயு இறங்கியிருப்பதாகச் சொல்லி, காய்ச்சிய எண்ணெயைத் தடவி நீவி, வாயில் ஏதோ முணுமுணுத்து, காலில் ஒரு கறுப்புக் கயிற்றையும் கட்டிப் போனார். இரண்டாவது ஆள் வந்து, தோளில் நான்கு சூடு இழுத்தால்தான் போகும் என்றார். வீட்டுப் பாட்டியம்மாள் அய்யனாருக்கு மண் குதிரை நேர்ந்து கொண்டார். கடைசியாகப் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்தார். இவர் படித்தவர், சட்டம் போட்ட சான்றிதழ் உடையவர். குதிரையின் உடம்பில் சக்தி அடைபட்டுக் கிடப்பதாகவும், விரலால் சில இடங்களை அமுக்கியும் கையைத் தொடாமல் மேலாக ஓட்டியும் அதைத் திறந்துவிட முடியுமென்றும், பத்துத் தடவை வரவேண்டுமென்றும் சொன்னார். தடவைக்கு இவ்வளவு என்று கூலியும் பேசினார்.

ஒவ்வொருவர் வந்து போன மறுநாளும் நமது தோழர், “ஏனுங்க, நேத்தைக்கு இன்னைக்குத் தேவலைங்களே!” என்றுதான் சொல்லி வந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரம் அந்தத் தேவலை கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துக் குதிரை காலையே ஊன்றாமல் நின்றபோதுதான் கால்நடை மருத்துவர் அழைக்கப்பட்டார்.

அவர் தோளைத் தொடவே இல்லை. லாடத்தைக் கழற்றினார். குறட்டால் குளம்பைச் சுற்றிலும் அமுக்கிக் கொண்டே வந்தார். ஓர் ஆணி இருந்த இடத்தில் அமுக்கியதும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. அவ்விடத்தைச் சீவித் திறந்ததும் கறுத்த சீழ் ஒழுகிற்று. லாடம் அடித்தபோது ஆணி உயிர்ச்சதையை ஒட்டி இறங்கியிருக்கின்றது; உள்ளே புரையோடியிருக்கின்றது. கழுவிக் கட்டி, ரணஜன்னி வராமலிருக்க ஊசியும் போட்டார். சில நாட்களில் குதிரை நேராக நடந்தது.

இப்பொழுது நாம் கேட்கின்றோம். நோய் குளம்பில் இருக்க, தோளை நீவியபோது தேவலை ஆனது எப்படி? அடைபட்ட சக்தியைத் திறந்தவர், ஆணி முனையில் அடைபட்ட சீழை ஏன் திறக்கவில்லை? தோழர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் யோக்கியமானவர். அவருடைய கண்தான் அவரை ஏமாற்றியது.

இதன் காரணம் லேசானது. வலி என்பது ஒரே மட்டத்தில் நிற்பதல்ல, ஏறும், இறங்கும். வலி மிக அதிகமான நாளில்தான் நாம் வைத்தியனைத் தேடி ஓடுகின்றோம். மறுநாள் அது தானாக இறங்கினாலும் வைத்தியன் இறக்கியதாகக் கணக்கெழுதுகின்றோம். மேலும், கைவைத்தியம் செய்பவர் எவரும் குதிரையை நாலு நாள் ஓட்டாதே என்று சொல்லாமல் போவதில்லை. ஓய்வு செய்த வேலைக்கு எண்ணெய் கூலி வாங்கிக் கொள்ளுகின்றது. இவற்றிற்கெல்லாம் மேலாக, பணம் கொடுத்தவன் பலனை எதிர்பார்க்கின்றான். எதிர்பார்க்கின்றவன் பலனைப் பார்த்தே விடுகின்றான்.

இது நம்முடைய கற்பனையல்ல. 2012 இல் அமெரிக்காவில், மூட்டு நோயால் நொண்டும் நாய்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துச் சோதித்தார்கள். நாய் எந்தக் காலில் எவ்வளவு பாரம் போடுகின்றது என்பதைத் தரையில் பதித்த கருவி அளந்தது. கருவி மாறுதல் இல்லை என்று காட்டிய நாய்களிலும் பல தேறிவிட்டதாக வளர்ப்பவர்கள் சொன்னார்கள். வளர்ப்பவர்கள் மாத்திரமா? பார்த்த மருத்துவர்களும் அவ்வாறே சொன்னார்கள்! குதிரை விஷயத்திலும் 2010 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நொண்டல் லேசாக இருக்கும்போது ஒரு கால் நொண்டுகின்றதா இல்லையா என்பதில் அனுபவமுள்ள மருத்துவர்களே நூற்றுக்கு 60 அளவில்தான் ஒத்துப் போனார்கள். தேர்ந்த கண்ணின் கதி இதுவானால், கடன் கொடுத்தவனை வாசலில் வைத்துக்கொண்டு பார்க்கின்ற கண்ணின் கதி என்ன?

நிற்க. நாட்டு வைத்தியரை மாத்திரம் நாம் குறை கூறுவதாக எவரும் கருத வேண்டியதில்லை. சூட்டுக்கோல் நம்முடைய நாட்டுச் சொத்து மாத்திரமல்ல. இங்கிலாந்தில் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்களே பந்தயக் குதிரைகளின் தசைநார் நோய்க்குப் பல தலைமுறையாகச் சூடு போட்டு வந்தார்கள். புத்தகத்திலும் இருந்தது, பெரியவர்களும் செய்தார்கள், ஆகையால் சரியென்றிருந்தார்கள். பிறகு பிரிஸ்டல் சர்வகலாசாலையில் அதைச் சோதித்து, சூட்டினால் தசைநார் குணமடைவதில்லை என்று 1983 இல் வெளியிட்டார்கள். 1991 இல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களின் ராயல் கல்லூரி அவ்வழக்கத்தை நெறிக்கு மாறானதென்று தள்ளிற்று. சூடுபட்ட குதிரைகளில் பல ஏன் தேறின? சூடு போட்ட பின் மாதக் கணக்கில் ஓய்வு கொடுத்தார்கள்; அதனால் தேறின. வெந்தது குதிரையின் தோல். பேர் வாங்கியது இரும்பு.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? வெள்ளைக்காரன் செய்தால் விஞ்ஞானம், நம்மவன் செய்தால் மூடத்தனம் என்பதல்ல. பழையது தப்பு, புதியது சரி என்பதுமல்ல. சோதனைக்கு நின்றதா, விழுந்தால் விட்டுவிட மனமிருந்ததா என்பதே கேள்வி. முதுகெலும்பைத் தட்டி நோய் தீர்க்கும் முறையை 1895 இல் அமெரிக்காவில் தொடங்கிய பால்மர் என்பவர், அதற்கு முன் கையின் காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொல்லிப் பிழைத்தவர்தான். இன்று அம்முறையைக் குதிரைக்கும் செய்கின்றார்கள். நழுவிய எலும்பைத் தட்டி உட்கார வைப்பதாகச் சொல்லுகின்றார்கள். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரையின் முதுகெலும்பு மெய்யாகவே நழுவியிருந்தால், அது தட்டுவதற்கு நின்று கொடுக்குமா? நிற்கத்தான் முடியுமா? கறுப்புக் கயிறு கட்டினால் சிரிக்கின்ற படிப்பாளி, அதே சங்கதியை இங்கிலீஷில் சொன்னால் பணம் கட்டுகின்றான். முணுமுணுப்பது எந்தப் பாஷையானால் என்ன?

ஆனால் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குதிரையை நீவிவிடுவதும் தேய்த்துவிடுவதும் வீண் என்று நாம் சொல்லவில்லை. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்து கொள்ளுமல்லவா? அதுபோலவே பிடரியும் முதுகும் சேரும் மேட்டில் கையால் சொறிந்தால் அவற்றின் நெஞ்சுத் துடிப்பு குறைகின்றதென்று பிரான்சு தேசத்தில் சோதித்து 1993 இல் வெளியிட்டிருக்கின்றார்கள். ஆகவே தொடுதல் சுகம் தரும். மிருகத்தின் பயம் தணியும். தினந்தோறும் தேய்க்கின்றவன் கையில் புதிய வீக்கமும் சூடும் முதலில் தட்டுப்படும். இவ்வளவும் பிரயோஜனமே. சுகம் வேறு, குணம் வேறு. சுகத்தைக் குணமென்று விற்கும்போதுதான் நாம் குறுக்கே நிற்கின்றோம்.

குதிரை வைத்திருக்கும் தோழர்கள் செய்ய வேண்டியது இதுதான். நொண்டினால் முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். முன்னங்கால் நொண்டலில் பெரும்பான்மையும் குளம்பில்தான் இருக்கின்றது. எந்தக் கால் என்று தெரியாவிட்டால், கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக் கெட்டித் தரையில் மெதுவோட்டமாக நடத்துங்கள். நோயுள்ள முன்னங்கால் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தாழும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் இந்த உண்மை மறைந்துவிடும். இரண்டு குளம்புகளும் சூடாகி, குதிரை பின்னுக்குச் சாய்ந்து நின்றால், தானியம் மிஞ்சித் தின்றதா என்று பாருங்கள். அது நீவலுக்கும் சூட்டுக்கும் அடங்காத அவசர நோய். 1962 என்ற எண்ணுக்குச் சொன்னால் கால்நடை மருத்துவ வண்டி வரும். நமது ஜில்லாவின் தலைநகராகிய நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கின்றது; நம்முடைய வரிப்பணத்தில் நடப்பது. அதைத் தாண்டிச் சாமியாடியிடம் போவானேன்?

கைவைத்தியத்தையும் பார்க்கத்தான் வேண்டுமென்பவர்கள், முதலில் நோய் இன்னதென்று அறிந்து கொண்டு பாருங்கள். வைத்தியம் நடந்ததா இல்லையா என்று அறியாத ஒருவரை அழைத்து, குதிரை எப்படி நடக்கின்றதென்று கேளுங்கள். அவர் சொல்லுவதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். மருத்துவர் கொடுக்கும் மருந்தையும் அப்படியே சோதியுங்கள். அவருக்கு மாத்திரம் சலுகை வேண்டாம்.

மனிதனுக்குத் தப்பு வைத்தியம் செய்தால் அவன் வாயிருந்து கத்துவான். மறுநாள் வேறு வைத்தியனிடம் போவான். குதிரைக்கு அந்த வழியில்லை. நம்முடைய நம்பிக்கைக்காகச் சூடு படுவது அதன் தோல்; நம்முடைய தாமதத்திற்காகச் சீழ் பிடிப்பது அதன் கால். தேவையில்லாத வேதனையை மிருகத்திற்குக் கொடுப்பது குற்றமென்று 1960 முதல் சட்டமும் இருக்கின்றது. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியைக் காவிரிக் கரையில் இருக்கின்ற நமக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. உயிருள்ள குதிரை கொட்டகையில் நொண்டி நிற்க, மண் குதிரைக்குப் பணம் எடுத்து வைக்கின்றவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.